மூட்டை வாங்கிய கை

ராத்திரி ஒன்றே கால் மணி. கன்னிவாடியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகிற மண் பாதை... மழை பெய்தால் நாய்கூட அதில் போகாது. அதில்தான் உடையப்பன் ஓடினார். என்னோடு வேலை பார்க்கிற ஆனந்த்ராஜின் மச்சான் அவர். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். பஸ் வரும்வரை கேளுங்கள், நடுவில் டீ வாங்க எழுந்து போகாதீர்கள்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மண் அணை. மலைவெள்ளம் ஊருக்குள் புகாமலிருக்கக் கட்டியது. அன்றைக்குக் கரையில் ஓட்டை விழுந்துவிட்டது. கரைக்கு நேர் கீழே முதல் வீடு உடையப்பனுடையது. உள்ளே மனைவி இளவேனிலும், பிறந்து ஐம்பது நாளான குழந்தையும். ஓடைப் பாலம் முழுகிவிட்டது, வேறு எங்கும் கூட்டிப்போக வழியில்லை. கரை உடைந்தால் அவர்களை எழுப்பக்கூட நேரமிருக்காது.

கரை மேல் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு கோடியில் யூரியா சாக்கில் மண் அள்ளுவார்கள். மூட்டை கைமாறிக் கைமாறி ஓட்டைக்குப் போகும். நனைந்துவிடுமென்று செல்போனை யாரும் கொண்டுவரவில்லை. இருந்த ஒரே டார்ச் மண் அள்ளுகிற இடத்தில். உடையப்பனுக்கு இடப்பக்கம் காத்தமுத்து. அவரிடம் வாங்கி, திரும்பி, வலப்பக்கம் இருட்டில் நீட்டினார்... ஒரு கை வாங்கிக்கொண்டது. சில்லென்ற கை. மழையில் எல்லார் கையும் அப்படித்தானே? பாசி நாற்றம் வேறு. தண்ணீர் ஓரம், நாறாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

மூட்டை போய்க்கொண்டே இருந்தது. மனசு மட்டும் வீட்டில். நொடிக்கொரு தரம் கீழே திரும்பிப் பார்த்தார். வலப்பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல்.

"எது ஒன் வீடு?"

பதறிக்கொண்டிருந்த மனுஷன், கேட்டது யாரென்று பார்க்கவில்லை.

"அந்தா, லைட்டு எரியிதுல்ல, அதேன். பச்சப்புள்ள இருக்குண்ணே. கரைய மட்டும் நிப்பாட்டிருங்க."

அடுத்த மூட்டையை அந்தக் கை வெடுக்கென்று வாங்கியது.

நாலு மணி வாக்கில் அவர் நீட்டிய மூட்டையை யாரும் வாங்கவில்லை. செத்த நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்... ஓட்டையில் தண்ணீர் இரைகிற சத்தமும் நின்றிருந்தது. காத்தமுத்து டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்தார்.

"ஒத்த ஆளா கடைசியில நின்னு அம்புட்டு மூட்டையையும் அடுக்கிப்புட்டியே அப்பு."

நான் எங்கே அடுக்கினேன், பக்கத்தில்தான் ஆள் நின்றாரே என்றார் உடையப்பன். காத்தமுத்து டார்ச்சை வலப்பக்கம் திருப்பினார். அங்கே கால் வைக்க இடமே இல்லை. வெறும் தண்ணீர்.

உடையப்பன் சரிவில் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினார். அடுப்படியில் இளவேனில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

"இப்பத்தான கரை நின்னுருச்சுன்னு வந்து படுத்தீங்க... புள்ளைய ஒங்க பக்கத்துலதான போட்டுட்டு வந்தேன்?"

குழந்தை அழவில்லை. உள்ளே இருட்டில், யாரோ அதன் முதுகில் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது... ஈரக் கையால்.