மடுவுக்கு ஒரு வருஷ ஓய்வு

பட்டாபிராமன் சார், உங்கள் வக்கீல் ஆபீஸ் மீன் தொட்டியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அளவுத் தொட்டிக்குப் பதினோரு மீன் அதிகம். நேற்று உங்களுக்காகக் காத்திருந்தபோது எண்ணினேன். ஐந்தை எடுத்துவிட்டால் மீதி ஆறும் நன்றாக இருக்கும். இப்போது எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. உங்கள் குமாஸ்தா அதைப் பசி என்று நினைத்து இன்னும் தீனி போடுகிறார்.

எனக்கு வசதியான மொழியில் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னீர்கள். எது மராத்தியில் போக வேண்டும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷில் அறிக்கை எழுதிய கை இது. தமிழில் எழுதினால் மளிகைச் சீட்டு மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீங்கள் இரண்டு முறை கேட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சாவைப் போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. நானாகத்தான் உங்களிடம் வந்தேன். என்னிடம் வேலை பார்க்கும் ஷீலா நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்காக வந்தேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

நான் செய்வது திட்டம் போடும் வேலை. ஒரு ஆற்றுப் பகுதியை எடுத்துக்கொண்டு அதன் கரை நிலத்துக்கும், மீனுக்கும், சுற்றியுள்ள மிருகங்களுக்கும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதுவேன். ஒரு அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது. சம்பந்தப்பட்ட துறைகள் கையெழுத்துப் போடும். அதன்பின் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

2015-ல் எனக்குக் கொடுத்தது புனேக்கு மேற்கே ஒன்றரை மணி நேரத் தூரத்தில், மலைகளுக்கு நடுவே வரும் ஆற்றின் ஒன்பது கிலோமீட்டர். அதில் ஒரு மடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் காளா டோஹ் என்பார்கள், கரிய மடு என்று அர்த்தம். கோடையில் ஆறு முழுக்க வற்றினாலும் அங்கே மட்டும் நாற்பதடி தண்ணீர் நிற்கும். அந்த ஆற்றின் மஹ்சீர் மீன் அத்தனையும் கோடையைக் கழிப்பது அந்த ஒரு இடத்தில்தான். மழை வந்ததும் மடுவின் ஓரத்துக் கூழாங்கல் திட்டில் முட்டையிடும். நம் காவிரியிலும் இதன் உறவுக்கார மீன் உண்டு. மடு போனால் மீன் போச்சு, இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

எனக்கு அந்த மீன்கள் மேல் பிரியம். அதை மறைக்க மாட்டேன். ஏப்ரலில் மட்டும்தான் அங்கே தண்ணீர் தெளியும், மற்ற மாதங்களில் கரும்பச்சை. முதல் ஏப்ரலில் பாறை மேல் குப்புறப் படுத்து எண்ணினேன். பதினான்கு பெரிய மீன். பக்கத்துக் கல்குவாரியிலிருந்து ஜெலட்டின் குச்சி கொண்டுவந்து வெடித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சனி ஞாயிறானால் புனேயின் பாணேரிலிருந்தும் ஹிஞ்சவாடியிலிருந்தும் கார் வரும், ஸ்பீக்கர் வரும், சிக்கன் கழுவிய தண்ணீர் ஆற்றில் இறங்கும். நானும் பாணேரில்தான் இருக்கிறேன், அதனால் இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். லிஃப்ட்டில் பார்த்தால் குட்மார்னிங் சொல்வார்கள்.

போர்டு வைத்தோம். கூட்டம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் மீன் படம் வரைய வைத்துப் பென்சில் பெட்டி கொடுத்தோம். மீன் பிடிக்கத் தடைக்காலம் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவும் வாங்கினோம். அடுத்த ஏப்ரலில் பதினொன்று.

2017 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவர் அங்கே மூழ்கி இறந்தார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை, நான் அன்று டெல்லியில் இருந்தேன். ஆனால் அப்போதுதான் அந்த ஊரின் வழக்கம் ஒன்று தெரியவந்தது. மடு ஒரு ஆளை எடுத்துக்கொண்டால் முழுதாக ஒரு வருஷம் அதில் யாரும் இறங்குவதில்லை. வலை கிடையாது, துணி துவைப்பது கிடையாது. வெளியாள் வந்தால் ஊரே சேர்ந்து திருப்பி அனுப்பும். அமாவாசைக்கு அமாவாசை கரையில் நின்று ஒரு தேங்காயை மட்டும் தண்ணீரில் விடுவார்கள். கலெக்டர் உத்தரவில் வடாபாவ் மடித்துச் சாப்பிட்டவர்கள், இதை ஒரு நாள்கூட மீறவில்லை.

அடுத்த வருஷம் ஏப்ரலில் முப்பத்தெட்டு மீன். நீர்நாய்கள் குட்டிகளோடு திரும்பி வந்திருந்தன. படுத்தபடியே அழுதேன். பக்கத்தில் ஷீலா படுத்திருந்தாள், அவளும் அழுதாள்.

ஷீலா புனேயில் கசார்வாடிப் பெண். அப்பா ஆரோக்கியசாமி போசரியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அம்மா மரியம்மாள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகிறது. நான் வேலைக்கு எடுத்தபோது ஷீலாவுக்கு இருபத்துமூன்று வயது. எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள், லேத்காரர் மகள் இல்லையா. அவர்கள் வீட்டில் மீன் குழம்பு வைக்கிற நாளில் எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய் வதக்கிக் கொண்டுவருவாள். நான் சைவம்.

ஊர் மடுவை மூடிய ஒரு வருஷம் முடிந்ததும் வலைகள் வந்தன, ஜெலட்டின் வந்தது, ஸ்பீக்கர் வந்தது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு. அந்த ஜூலை வெள்ளத்தில் அபாயப் போர்டு அடித்துக்கொண்டு போனது. புதிய போர்டு வைக்க ஷீலா கடிதம் தயார் செய்து என் மேஜையில் வைத்தாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நவம்பர் வரை அது அங்கேயே இருந்தது. மறதி என்று நீங்கள் எழுத வேண்டாம், தினமும் அதைப் பார்த்தேன். நவம்பரில் ஹிஞ்சவாடியில் வேலை பார்த்த ஒருவர் மூழ்கினார், இருபத்தொன்பது வயது. மறுநாள் கையெழுத்துப் போட்டேன். ஊர் மடுவை மூடியது.

2023 ஏப்ரலில் ஐம்பத்திரண்டு. ஒரு வழி பலிக்கிறது என்று இரண்டு முறை கண்ணால் பார்த்த பிறகு, திட்டம் போடுகிறவள் அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

ஆனால் அந்தச் சாவு ஷீலாவை விடவில்லை. தண்ணீர் தெளிந்திருந்த அந்த ஏப்ரலிலேயே மூன்று நாள் கயிறும் ஈயக் குண்டுமாகக் கரை முழுக்க ஆழம் பார்த்தாள். ஒரே ஒரு இடத்தில் தண்ணீருக்கடியில் பாறைத் தளம் இருபதடி அகலத்துக்கு இருந்தது, முழங்கால் ஆழம்தான். அதை விட்டு விலகினால் ஒரு எட்டில் கிணறு. அந்தத் தளத்தின் இரண்டு எல்லையிலும் கரையில் பக்கத்துக்கு ஒரு கல்லாக, கேஸ் சிலிண்டர் பருமனில், ஆட்களை வைத்து நிறுத்தி வெள்ளைப் பெயின்ட் அடித்தாள். இரண்டு வெள்ளைக் கல்லுக்கு நடுவே இறங்கினால் பயமில்லை. எந்த மொழிக்காரருக்கும் புரியும். நல்ல யோசனை. திட்டத்தில் நானே அதைச் சேர்த்தேன்.

அதன்பின் ஒருவரும் சாகவில்லை. கூட்டம் இரட்டிப்பானது. 2025 ஏப்ரலில் ஒன்பது மீன், நீர்நாய் ஒன்றுகூட இல்லை. ஒன்பதில் முட்டையிடுவது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. எல்லாத் துறைக்கும் எழுதினேன். பதில் கடிதங்கள் மரியாதையாக இருந்தன.

இந்த ஜனவரி கடைசி வியாழக்கிழமை மதியம் கடப்பாரையோடு போனேன். ஊர்க்காரர்கள் வயலில் இருந்தார்கள். இரண்டு கல்லையும் நெம்பி உருட்டி, ஆற்றின் மேல்பக்கம் முப்பதடி தள்ளி நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவில் அதே இருபதடி விட்டேன். பழைய இடத்துப் பள்ளத்தை மணல் போட்டு மூடினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு நாள் இடுப்பு வலித்தது.

யார் என்று யோசிக்கவில்லை. யாரையும் குறிவைக்கவும் இல்லை. ஸ்பீக்கர் கொண்டுவருகிறவர்களில் ஒருவராக இருக்கும் என்று நினைத்தேன். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அதில் ஒருவர். இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். ஒரு நெடுஞ்சாலை போட்டால் வருஷத்துக்கு எத்தனை பேர் அதில் சாவார்கள் என்பதும் தெரிந்துதான் போடுகிறார்கள். அவர்களை யாரும் உட்கார வைத்து எழுதி வாங்குவதில்லை.

ஆரோக்கியசாமிக்கு ஜனவரியோடு வேலை முடிந்திருந்தது. அதைக் கொண்டாட பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு குடும்பமாக ஒரு வேன் பிடித்து மடுவுக்கு வந்தார்கள். ஷீலா அன்று சோலாப்பூர் பக்கம் வேறொரு கணக்கெடுப்பில் இருந்தாள், டிசம்பரிலேயே போட்ட அட்டவணை அது. நான் எதிர்க்கரையில் இருந்தேன். கல்லை நகர்த்திய நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நடவடிக்கை எடுத்தால் அதன் பலனைக் கண்காணிக்க வேண்டும்.

அவர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வெள்ளைக் கற்களுக்கு நடுவே இறங்கினார். இரண்டாவது எட்டில் காணோம். வேனில் வந்த யாருக்கும் நீச்சல் தெரியாது. புடவையை முடிந்து வீசினார்கள். என் ஜீப்பில் கயிறு இருந்தது. பாலத்தைச் சுற்றி அந்தக் கரைக்கு வர இருபது நிமிஷம் ஆகும். வேகமாகத்தான் ஓட்டினேன்.

அடக்கத்துக்குப் போனேன். ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நான்தான் மேடம் கல்லு வச்சேன். மூணு வாட்டி அளந்துதான் வச்சேன். அப்பா என்னை நம்பித்தான் எறங்கியிருக்காரு."

அளவு சில சமயம் தப்பும் என்று சொன்னேன். யாராவது கல்லை நகர்த்தியிருப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அவள் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் அவள் உடனே போய்த் திரும்ப அளந்திருப்பாள். இப்போது அவள் எதையும் அளப்பதில்லை. மரியம்மாள் மகளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஷீலா அறிக்கையில் எண்களைத் தப்புத் தப்பாக எழுதுகிறாள், நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஊர் வழக்கப்படி மடுவை மூடினார்கள். ஆனால் இந்த முறை அது நிலைக்கவில்லை. ஆரோக்கியசாமியோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவர் பேரில் அங்கே ஒரு படித்துறை கட்டுவதென்று முடிவு செய்தார்கள். சிமென்ட் படி, இரும்புக் கம்பி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பஞ்சாயத்துத் தலைவர் சர்பஞ்ச்சுக்குச் சந்தோஷம். படித்துறை கட்டி ஒரு பூஜையும் போட்டுவிட்டால் வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்தது ஷீலா. சரிவாக இருக்கிற ஒரே இடம் அந்தக் கூழாங்கல் திட்டு. படி அதன் மேல்தான் வருகிறது.

அது மீன் முட்டையிடுகிற இடம் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கே தெரியும், முதன்முதலில் அந்தத் திட்டைக் கண்டுபிடித்ததே அவள்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மீன் போனா போவட்டும் மேடம். இன்னொரு ஆளு அங்க சாவக் கூடாது."

பத்து வருஷம் என்னோடு வேலை செய்தவள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஐந்து வாரம் எல்லா வழியிலும் முயன்றேன். அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணின் படித்துறையை நிறுத்த எந்த அதிகாரியும் தயாராக இல்லை. அதன்பின்தான் உங்களிடம் வந்தேன்.

இனி எழுதப்போவதை நீங்கள் அடித்துவிடப் பார்ப்பீர்கள். அடிக்காதீர்கள். இது இல்லாவிட்டால் கவனக்குறைவு, மனக் குழப்பம் என்று ஏதாவது சொல்லி வழக்கைச் சின்னதாக்கிவிடுவீர்கள். நீங்கள் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆரோக்கியசாமி தண்ணீரில் இறங்குவதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டார். அந்த இடத்தில் ஆறு அகலமில்லை, பேசினால் கேட்கும். கையை ஆட்டினார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மகளிடம் அதிரசம் கொடுத்தனுப்புவார், முட்டை சேர்க்கவில்லை என்று சொல்லச் சொல்லி. குனிந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"மேடம், இங்கதான எறங்கணும்? வெள்ளக் கல்லுக்கு நடுவுலன்னு ஷீலா சொல்லிச்சு."

யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். ஒன்பது மீன் என்று நினைத்தேன்.

"ஆமா, அங்கதான்" என்றேன்.

தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இதை ஷீலா படிக்கட்டும். தப்பு அவள் அளவில் இல்லை என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு ஜாமீன் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சிமென்ட் லாரி பதினாறாம் தேதி வருகிறது. அதற்குள் இதைக் கொடுத்துவிடுங்கள். கொலை நடந்த இடம் என்று போலீஸ் சீல் வைத்தால், விசாரணை முடிகிற வரை அந்தக் கரையில் யாரும் கால் வைக்க முடியாது, இந்த ஊரில் அதற்கு ஒரு வருஷத்துக்குக் குறையாது.