எட்டு டப்பா கறி

சாவித்திரி: ...அதைத்தான் நானும் சொல்றேன். நிவேதிதா போன் பண்ணா நீங்க எடுக்காதீங்க. நான் பேசிக்கறேன்.

மனோகரன்: இன்னான்னு பேசுவே?

சாவித்திரி: பூனை நல்லாத்தாம்மா இருந்துச்சு, இன்னிக்குக் காலையிலதான் திடீர்னு...

மனோகரன்: இன்னிக்குக் காலையிலயா? முந்தாநாள்லேர்ந்து கட்டிலுக்கு அடியில பூந்துகினு கெடக்குது. முக்கி முக்கிப் பாக்குது, ஒண்ணும் வெளிய வரல. காலையிலயாம்...

சாவித்திரி: மெதுவாப் பேசுங்க. அந்த நாய் வெச்சிருக்கற அம்மா இங்கயே பாக்கறாங்க.

மனோகரன்: பாத்தா பாக்கட்டும். உள்ள அதுக்கு ஊசி குத்திகினு கீறாங்க. உனக்கு நாய்க்காரம்மா கவலை.

சாவித்திரி: அந்தப் பொண்ணு பில்டிங்ல வேற யாரையாவது நம்பிச்சா? நம்ம கையில சாவியைக் குடுத்துட்டு ஆபீஸ் வேலையா பூனா போச்சு. எட்டு நாள்தான் ஆன்ட்டி, ஜமீனை மட்டும் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு...

மனோகரன்: பேரைப் பாரேன், ஜமீனு. மூணாவது மாடியில ஒரு பெட்ரூம் வாடகை ஊடு, அதுல பூனைக்கு ஜமீனு.

சாவித்திரி: கிண்டல் பண்ற நேரமா இது?

மனோகரன்: பயத்துல வருது சாவித்திரி. நான் இன்னா பண்ணட்டும்?

சாவித்திரி: சரி, டாக்டர் என்னதான் சொன்னாரு? நான் ஆட்டோவுல விட்ட பையை எடுக்க ஓடிட்டேன். முழுசா சொல்லுங்க.

மனோகரன்: எக்ஸ்ரே எடுத்தாரு. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாரு. குடல்ல எலும்பு அடைச்சிகினு கீதாம். ஒண்ணு ரெண்டு இல்ல... குவியலு.

சாவித்திரி: ஐயோ!

மனோகரன்: பூனை இன்னா சாப்பிடுதுன்னாரு. பச்சைக் கறிதான் சார், பொண்ணு அப்படித்தான் வளக்குதுன்னேன். உடனே ஒரு கேள்வி கேட்டாரு.

சாவித்திரி: என்ன கேள்வி?

மனோகரன்: உள்ள போனது பச்சை எலும்பா, வெந்த எலும்பான்னு.

சாவித்திரி: ...நீங்க என்ன சொன்னீங்க?

மனோகரன்: பச்சையாத்தான் போடணும்னு பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்குன்னேன்.

சாவித்திரி: அது பொய் இல்லையே...

மனோகரன்: பொய் இல்ல.

சாவித்திரி: அவ அப்படித்தானே சொல்லிட்டுப் போனா.

மனோகரன்: ஆமா. சொல்லிட்டுதான் போனா.

சாவித்திரி: எதுக்குக் கேட்டாராம்?

மனோகரன்: பச்சை எலும்பு வளைஞ்சு குடுக்குமாம். மருந்து குடுத்து, பாட்டிலு ஏத்தி, ரெண்டு நாள் பாத்தா அதுவா எறங்கினாலும் எறங்கிடும். வெந்த எலும்பு அப்படி இல்லியாம். கூர் கூரா ஒடையுமாம். குடலைக் கிழிச்சிடுமாம். அதுன்னா ஒடனே வயித்தைத் தொறந்து எடுக்கணுமாம்.

சாவித்திரி: இப்ப என்ன பண்ணப் போறாரு?

மனோகரன்: மருந்து குடுத்து ரெண்டு நாள் பாக்கலாம்னாரு.

சாவித்திரி: ரெண்டு நாளா?

மனோகரன்: ஆமா, ரெண்டு நாளு.

சாவித்திரி: போன் அடிக்குது. அவதான்.

மனோகரன்: எடு, எடு. ஸ்பீக்கர்ல போடு, எனக்கும் கேக்கட்டும்.

சாவித்திரி: ஹலோ... நிவேதிதா, சொல்லும்மா.

நிவேதிதா: ஆன்ட்டி, ஜமீன் எப்படி இருக்கான்? மீட்டிங்ல இருந்தேன், இப்பதான் உங்க மெசேஜ் பாத்தேன். எந்த ஆஸ்பத்திரி?

சாவித்திரி: காட்டுப்பாக்கம், மெயின் ரோட்டு மேலயே இருக்கே, அதான்மா. டாக்டர் பாத்துட்டு இருக்காரு. நீ பதறாதே.

நிவேதிதா: என்ன ஆச்சு ஆன்ட்டி?

சாவித்திரி: குடல்ல எலும்பு அடைச்சிருக்காம். ரெண்டு நாள் மருந்து குடுத்துப் பாக்கலாம்னு...

நிவேதிதா: எலும்பா? அடைச்சுக்கிச்சா? எப்படி ஆன்ட்டி? ரெண்டு வருஷமா அதே கோழிக் கழுத்து, அதே இறக்கைதான் குடுக்கறேன். ஒரு நாள்கூட...

சாவித்திரி: அழாதேம்மா.

நிவேதிதா: ஈரோட்டுல அம்மா அப்பவே சொன்னாங்க. ஊரு உலகத்துல எவ பூனைக்குப் பச்சைக் கறி போடறா, ஒரு நாள் இல்ல ஒரு நாள் நீயே அதைக் கொல்லுவேன்னாங்க. நான்தான் திமிரா பேசினேன். பாக்கெட் தீனி ஒத்துக்காம உடம்பு பூராப் புண்ணு வந்து கெடந்தான் ஆன்ட்டி. இதுக்கு மாறினப்புறம்தான் முடியெல்லாம் பளபளன்னு வந்துச்சு. ஞாயித்துக்கெழமை ஆனா வேலப்பன்சாவடி கடையில நின்னு பாத்துப் பாத்து வாங்கி, எடை போட்டு, டப்பா டப்பாவா அடுக்கி... எல்லாம் நான் பண்ண தப்பு.

சாவித்திரி: உன் தப்பு இல்லம்மா...

நிவேதிதா: வேற யாரோட தப்பு ஆன்ட்டி? நான்தானே போடச் சொன்னேன். நீங்க மீனைக்கூட விரல் நுனியில பிடிக்கற ஆளு, எனக்காக அந்தப் பச்சைக் கறியைத் தொட்டு எடுத்துப் போட்டீங்க. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது...

சாவித்திரி: ...நிவேதிதா, டவர் விட்டு விட்டு வருது. ஒரு நிமிஷம். நானே கூப்பிடறேன்.

மனோகரன்: ஏன் வெச்சுட்டே? டவர் நல்லாத்தானே கீது?

சாவித்திரி: நன்றி சொல்லுது அந்தப் பொண்ணு! எனக்கு!

மனோகரன்: கேட்டேன்.

சாவித்திரி: சொல்லிடலாமா?

மனோகரன்: எதை?

சாவித்திரி: எதையா? வேக வெச்சுதான் போட்டோம்னு.

மனோகரன்: போட்டோமா? குக்கர்ல வெச்சது யாரு?

சாவித்திரி: நான்தான் வெச்சேன். தட்டை எடுத்துட்டு மூணு மாடி ஏறினது யாரு?

மனோகரன்: எடுத்துகினு போறவன் மேல கேஸு போடுவாங்களா?

சாவித்திரி: சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன்ல.

மனோகரன்: இல்ல, சொன்னா அந்தப் பொண்ணு இனிமே நம்ம மூஞ்சியில முழிக்குமா? ஒரே படிக்கட்டு, ஒரே வாசலு. நம்ம பையன் ராகவனுக்கு வேற விஷயம் போவும். அதுக்கப்புறம் அவன் போன்ல...

சாவித்திரி: நம்ம மானம் போனா போவுது. உள்ள இருக்கறது உசுரு. ரெண்டு நாள் பாக்கலாம்னு டாக்டர் ஒக்காந்திருக்காரு, நாம சொன்ன பொய்யை நம்பி.

மனோகரன்: பொய் இல்லன்னியே இப்ப...

சாவித்திரி: வாயை மூடுங்க. ஹலோ, நிவேதிதாவா? நான் ஒண்ணு சொல்றேன். குறுக்க பேசாமக் கேளும்மா.

நிவேதிதா: என்ன ஆச்சு ஆன்ட்டி? ஜமீனுக்கு ஏதாவது...

சாவித்திரி: பச்சையா போடல.

நிவேதிதா: என்னது?

சாவித்திரி: கறியைப் பச்சையா போடலம்மா. வேக வெச்சேன். எல்லா நாளும்.

நிவேதிதா: ...எலும்போடயா?

சாவித்திரி: எலும்போடதான்.

நிவேதிதா: ஆன்ட்டி... ஒவ்வொரு டப்பா மேலயும் எழுதியிருந்தேனே. உங்க பிரிட்ஜ் கதவுல பெருசா ஒட்டிட்டு வந்தேனே, வேக வைக்காதீங்கன்னு. ஏன் ஆன்ட்டி?

சாவித்திரி: ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு வாயில்லா ஜீவன் முன்னாடி வெக்க மனசு வரலம்மா. வேக வெச்சா நல்லதுதானேன்னு... புத்தி அவ்வளவுதான்.

நிவேதிதா: டாக்டருக்குத் தெரியுமா?

சாவித்திரி: இல்ல.

நிவேதிதா: போங்க ஆன்ட்டி, உடனே போய்ச் சொல்லுங்க! ப்ளீஸ்!

மனோகரன்: நான் போறேன், இரு... ஸ்ஸ்... ஆ...

சாவித்திரி: என்ன?

மனோகரன்: கட்டை விரலு. ஊனவே முடியல. நாலு நாளா வீங்கிகினு கீது.

சாவித்திரி: தெரியும். உக்காருங்க. போனைப் பிடிங்க, நான் போயிட்டு வரேன்.

நிவேதிதா: ஹலோ? ஆன்ட்டி?

மனோகரன்: ஆன்ட்டி உள்ள போயிருக்காம்மா. நான் அங்கிள் பேசறேன்.

நிவேதிதா: அங்கிள்... பொழச்சுக்குவானா?

மனோகரன்: பொழைக்கும்மா. கெட்டி உசுரு அது. இப்பக்கூட கூடையில வெச்சப்ப என் கையைக் கீறிச்சு.

நிவேதிதா: கோவத்துல பேசிட்டேன். ஆன்ட்டிகிட்ட அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பாவப்பட்டுத்தானே பண்ணாங்க.

மனோகரன்: உம்...

நிவேதிதா: நீங்க தினமும் அவன் பக்கத்துல உக்காந்து, சாப்பிட வெச்சுட்டுதான் எறங்கி வருவீங்களாம். ஆன்ட்டி சொன்னாங்க. அரை மணி நேரம் ஆவுமாமே.

மனோகரன்: உம்... ஆவும்.

நிவேதிதா: அந்தக் காலை வெச்சுக்கிட்டு மாடி ஏறினீங்களா அங்கிள்? யூரிக் ஆசிட் எறங்கவே இல்லையா? கறியெல்லாம் நிறுத்திட்டீங்கதானே?

மனோகரன்: ஏழு மாசம் ஆச்சும்மா. டாக்டர் சொன்ன அன்னிக்கே பையன் லிஸ்ட்டு எழுதி ஒட்டிட்டான். கறி கூடாது, ஈரல் கூடவே கூடாது. காலையில ஓட்ஸு, ராத்திரி ஓட்ஸு... இந்தா, ஆன்ட்டி வந்துட்டா.

சாவித்திரி: போனை இப்படிக் குடுங்க. நிவேதிதா, டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நல்ல வேளை இப்பவாவது சொன்னீங்கன்னு திட்டினாரு. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். உன் சம்மதம் வேணுமாம்.

நிவேதிதா: பண்ணச் சொல்லுங்க ஆன்ட்டி. உடனே பண்ணச் சொல்லுங்க. சாயங்கால பிளைட்ல வந்துடறேன்.

சாவித்திரி: ஆனா அவருக்கு ஒரு சந்தேகம். டப்பாவுல நீ என்னென்ன வெச்சேன்னு கேக்கறாரு.

நிவேதிதா: ஒரு கழுத்து, ஒரு இறக்கை, மிச்சம் எலும்பில்லாத தொடைக்கறி, கொஞ்சம் ஈரல். எலும்பு கொஞ்சம்தான் ஆன்ட்டி, கறிதான் நெறைய.

சாவித்திரி: நானும் அதையேதான் சொன்னேன். அப்படின்னா கறி எங்கன்னு கேக்கறாரு. வயித்துல எலும்புதான் கெடக்குது. பூனை பட்டினி கெடந்த மாதிரி எளச்சுப் போயிருக்குன்னு சொல்றாரு.

நிவேதிதா: பட்டினியா?

சாவித்திரி: தின்ன கறியை எல்லாம் வாந்தி எடுத்துச்சான்னு கேட்டாரு. அப்படி எடுத்திருந்தா வேற ஏதோ வியாதியாம். ரத்தம் டெஸ்ட்டுக்கு அனுப்பி, அது வந்தப்புறம்தான் மயக்க மருந்து குடுப்பாங்களாம். ரெண்டு மணி நேரம் ஆவுமாம்.

நிவேதிதா: அவ்வளவு நேரம் தாங்குவானா?

சாவித்திரி: தெரியலன்னு சொல்றாரும்மா.

நிவேதிதா: அங்கிள், நீங்கதானே கூட உக்காந்திருந்தீங்க. வாந்தி எடுத்தானா? நல்லா யோசிச்சு சொல்லுங்க.

மனோகரன்: இல்லம்மா.

நிவேதிதா: ஒரு தடவைகூட?

மனோகரன்: ஒரு தடவைகூட இல்ல. வியாதியெல்லாம் ஒண்ணும் இல்ல அதுக்கு. டெஸ்ட்டு வேணாம், நேரத்தைக் கடத்த வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லு சாவித்திரி.

நிவேதிதா: அப்ப கறி எங்க போச்சு அங்கிள்?

மனோகரன்: நான் தின்னுட்டேன்.

நிவேதிதா: ...என்ன சொல்றீங்க?

மனோகரன்: நான்தாம்மா தின்னேன். மொத நாளு ஒரே ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தேன். அன்னிக்குப் பாதி அதுக்கு, பாதி எனக்கு. மறுநாள்லேர்ந்து அதுவும் இல்ல. உன் ஊட்டு சோபாவுல உக்காந்துகினு, கறி பூராவும் நான் தின்னுட்டு, எலும்பை அது முன்னாடி தள்ளினேன். அது என் மூஞ்சையே பாக்கும். அப்புறம் கடகடன்னு கடிச்சு முழுங்கிடும். பசிம்மா அதுக்கு... அறுபத்திரெண்டு வயசு கழுதை நான், ஒரு பூனை சோத்தைத் திருடித் தின்னேன்.

சாவித்திரி: ஏங்க...

மனோகரன்: நீ இரு. நிவேதிதா, என்னை இன்னா வேணா சொல்லு, கேட்டுக்கறேன். ஆன்ட்டியை ஒண்ணும் சொல்லாதே. அவளுக்கு எதுவும் தெரியாது. பூனை மேல எரக்கப்பட்டு வேக வெச்சா, அவ்வளவுதான். சாவித்திரி, போய்ச் சொல்லுன்னேன்ல, ஏன் நிக்கறே?

சாவித்திரி: இதோ... சிஸ்டர், சிஸ்டர்! வாந்தி எடுக்கலயாம். டெஸ்ட்டு வேணாம், டாக்டரை உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்க. பூனை கறியே திங்கல. வெறும் எலும்புதான்... ஆமாங்க, வெறும் எலும்பு. பொண்ணு சம்மதம் சொல்லிடுச்சு.

நிவேதிதா: ஆன்ட்டி... உள்ள கொண்டு போயிட்டாங்களா?

சாவித்திரி: கதவைச் சாத்திட்டாங்கம்மா.

நிவேதிதா: அங்கிள் இப்படிப் பண்ணுவாருன்னு... உங்களுக்கும் தெரியாம...

சாவித்திரி: அவர் சொன்னதுல ஒண்ணு தப்பு நிவேதிதா. எனக்குத் தெரியும். ஏழு மாசமா தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிக்கற மனுஷன், ஒரு நாளாவது வாய்க்கு ருசியா தின்னுட்டுப் போகட்டும்னு உப்பும் மிளகும் போட்டு நான்தான் வேக வெச்சேன். அப்பா என்ன சாப்பிட்டாருன்னு தினம் போன்ல கேக்கற பையனுக்கு பயந்து, பூனைக்குன்னு சொல்லித் தட்டை அவர் கையில குடுத்தேன். அதுக்கும் பங்கு வெப்பாருன்னு நெனச்சேம்மா, மேல ஏறி வந்து ஒரு நாள்கூடப் பாக்கல... பூனைக்கு மட்டும்தான்னா, நீ எழுதி வெச்ச மாதிரி பச்சையாவே போட்டிருப்பேன்.