பானைக்கு ஒரு பிடி வைக்கோல்

வெஸ்ட் வின்ட்சர் பக்கம் செடி விற்கும் ஒரு கடையில், இலை உதிரும் காலத்தில் வாசல் அலங்காரத்துக்கென்று வைக்கோல் கட்டும் விற்பார்கள். மருமகள் வரும்வரை அங்கே பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பெண், தள்ளுவண்டியில் பெரிய கட்டோடு வந்த தன் கணவரைப் பார்த்தாள்.

“மாட்டுக்குத் தீனியாங்க எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“நீதானே வைக்கோல் கேட்ட?”

“இது காஞ்ச புல்லு. முறுக்கினா நொறுங்கிடும். நாளைக்கு கிரகப்பிரவேசம், பானை உருளாம நிக்க அடியில பிரிமணை சுத்தி வைக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“டவல சுத்தி வச்சா போதாதா?”

“டவல் மேல வச்சதுதானே உருண்டு உடைஞ்சுது? அம்மா பிளேன்ல மடியிலயே வச்சுக் கொண்டு வந்தாங்க. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். அதுவும் ஐயர் முன்னாடி உருளணுமா?”

“உங்கம்மா அடி தட்டையா இருக்கிற பானையா பாத்து வாங்கியிருக்கலாம்.”

“எங்கம்மாவ விடுங்க. போய் மாத்தி எடுத்துட்டு வாங்க.”

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். பிறகு நின்று, அங்கிருந்தே கேட்டார்.

“ஏம்மா, வைக்கோல் என்ன கலர்ல இருக்கும்?”

அந்தப் பெண் வரிசையை விட்டுப் போய், வண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.