ஆள் விலை

உக்காருங்க தம்பி, பாதிக் கணக்குலயே எந்திரிச்சா எப்படி. லபெயே ஆறுது பாருங்க, நம்ம டீதான், குடிங்க. எங்க முப்பாட்டன்மாருக்கு எவ்வளவு நஷ்டஈடு சேரணும்னு கணக்குப் பாக்க லண்டன்லேர்ந்து இந்த ரங்கூன் இன்சீன் வரைக்கும் வந்திருக்கீங்களே. காலைல கோயில்ல நீங்க பேசினப்பவே நெனச்சேன், இவர வீட்டுக்குக் கூட்டியாந்து ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கிப்புடணும்னு.

யாருக்கா? சொல்றேன், இருங்க. மொதல்ல எனக்குப் புரிஞ்சது சரியான்னு பாருங்க. கருப்பண்ண மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் குடுத்து, கைநாட்டு வாங்கி, எங்க ஆளுங்களக் கப்பல்ல ஏத்துனாரு. ரங்கூன் துறைமுகத்துல மூட்டை தூக்க விட்டாரு. கப்பல் கூலி, தின்ன சோறு, படுத்த எடம் எல்லாத்தையும் கடன்ல ஏத்தி, சாகுற வரைக்கும் அது அடையாமப் பாத்துக்கிட்டாரு. அதான? நீங்க அந்தக் கூலியெல்லாம் கூட்டி, வட்டி போட்டு, அப்புறம் சோத்துச் செலவக் கழிக்கிறீங்க. மேஸ்திரியும் சோத்தத்தான் தம்பி கழிச்சாரு. என்ன, படிச்சவங்க கழிச்சா பாக்க அழகா இருக்கு.

சிரிக்காம என்ன செய்யச் சொல்றீங்க? கோயில் மண்டபத்துல மாலை போட்டு ஒரு படம் இருந்துச்சே, நீங்ககூடக் கும்பிட்டீங்களே, அவருதான் அந்த மேஸ்திரி. தீமிதிக்கு மொத விபூதி இன்னிக்கும் அந்த வீட்டுக்குத்தான். அவங்க கேக்கக்கூட மாட்டாங்க, நாங்களே தேடிப் போயிக் குடுப்போம். நம்மளக் கொண்டாந்து கரை சேத்த குடும்பமாம். வெக்கங்கெட்ட ஜென்மங்க நாங்க.

அந்த வீட்டுக் கொள்ளுப்பேரன் மோகன் போன வருசம் வந்தான். தாய்லாந்து எல்லையில கம்ப்யூட்டர் வேலை, ரெண்டு மாசச் சம்பளம் முன்பணம்னான். வேற எவனாச்சும் கேட்டிருந்தா வெளக்குமாத்தால வெரட்டியிருப்பேன். மேஸ்திரி வீட்டுப் புள்ள நம்ம வாசப்படி ஏறிக் கேக்குதேன்னு, எம்மகன் சுரேந்திரனுக்கு நானே விபூதி வச்சு பஸ் ஏத்தி விட்டேன்.

ஆமா, அவனுக்குத்தான் கணக்கு. முள்வேலி போட்ட கட்டடமாம். உள்ள உக்காந்து போன்ல ஊரான ஏமாத்தணும், ஏமாத்த முடியாத அன்னிக்கு அடி. தின்ன சோறு, படுத்த கட்டில், எல்லாம் அவன் பேர்ல கடனாம். அஞ்சாயிரம் டாலர் கட்டுனா விடுவாங்களாம். இருக்கிற நகையெல்லாம் வித்தாலும் எனக்கு ரெண்டாயிரம் தேறாது.

ஏன் முழிக்கிறீங்க? பேனாவ வைக்காதீங்க. அந்தக் கட்டடத்துலேர்ந்து இப்பப் போன்ல கூப்பிடுவாங்க. நான் பேசினா அழுதுடுறேன், உடனே தொகைய ஏத்திடுறாங்க. நீங்க பேசிக் கொறைங்க தம்பி. ஒரு ஆளோட விலையச் சொல்றப்ப கொரலு நடுங்காத மனுசன நான் இன்னிக்குத்தான் பாத்தேன்.