அரை மணிக்கு ஒருமுறை

அந்தப் பயிற்சி வகுப்பில் டீ நன்றாகத்தான் கொடுத்தார்கள். பால் ஊற்றி, உப்புப் போட்டு, கூடவே எண்ணெயில் பொரித்த ரொட்டி. அதில் குறை சொல்ல மாட்டேன். இதையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி. கிழவன் ஆரம்பத்திலிருந்தே பகையோடு போனான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

என் பெயர் குதாய்பெர்தி. முப்பத்தொரு வருடமாக இந்த மலைப்பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். படிப்பு ஏழாவதோடு சரி. காயத்துக்குக் கட்டுப் போடப் பட்டாளத்தில் கற்றேன். ரத்தம் பீறிட்டால் தோல்வாரை இறுக்கிக் கட்டு, அரை மணிக்கு ஒருமுறை அவிழ்த்துக் கொஞ்சம் ரத்தம் ஓடவிடு, இல்லையென்றால் கால் செத்துப்போகும் என்று எங்கள் சார்ஜன்ட் அதே வாரால் முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்தான். அப்படிக் கற்றது மறக்காது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சிக்குப் போகவேண்டும் என்று விதி இருக்கிறது. நான் போனதில்லை. புளித்த குதிரைப்பால் ஒரு தோல்பை நிறைய நகரத்துக்கு அனுப்பினால் சான்றிதழ் வந்துவிடும். எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்கினோம். என்னிடம் ஆறு இருக்கிறது. முத்திரை எல்லாம் அசல். அந்த வருடங்களில் அங்கே புதிதாக என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன வருடம் புல் அறுப்பின்போது என் மகன் தலாயின் தொடையை அறுக்கிற இயந்திரம் கிழித்துவிட்டது. வயது இருபத்தாறு. நர்ஸ் அன்று லீவு. நானே வாரைக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் போட்டு, கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். இரண்டு மணி நேரப் பாதை. முறைப்படி உப்புக் கிடங்கில் ஒருமுறை, தேன் விற்கிற இடத்தில் ஒருமுறை, பாலத்தருகே ஒருமுறை நிறுத்தி அவிழ்த்தேன். கால் பிழைக்கவேண்டும். எங்கள் பக்கம் குதிரை ஏறாதவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை. பாலத்தருகே அவிழ்த்தபோது ரத்தம் அதிகம் வரவில்லை. கட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. எங்கெங்கே அவிழ்த்தேன் என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். வழியெல்லாம் அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் சுபாவம் அப்படி.

இந்த வருடம் எங்கள் நிலையத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். குதிரைப்பால் குடிக்காதவர். எல்லோரும் மூன்று நாள் வகுப்பில் உட்காரவேண்டும் என்றார். சொல்லிக்கொடுக்க மிர்பெக் என்பவன் தலைநகரிலிருந்து வந்தான். முப்பது வயது இருக்கும். நகம் சுத்தமாக வெட்டியிருந்தான். கெட்டவன் இல்லை. ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னான். நான் அமுக்கினேன்.

"பொம்மை செத்துப்போச்சு பெரியவரே. மறுபடி அமுக்குங்க" என்றான்.

பக்கத்து நிலையத்து ஓட்டுநர் ஒர்மோன், "அவர் வண்டியில ஏறுனா பொம்மைக்கும் அதே கதிதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை சுவரில் ஒரு படம் காட்டினான். நம் கணவாய்ப் பாதை. மூன்று இடத்தில் சிவப்புப் புள்ளி.

"பேரு வேண்டாம். போன வருஷ கேஸ். தொடையில காயம். கட்டு நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா வழியில மூணு தடவை அவிழ்த்திருக்கான். கட்டினா கட்டினதுதான். நேரத்தை நெத்தியில எழுதுங்க, டாக்டர் வர்ற வரைக்கும் தொடாதீங்க. இந்தப் பையன் சாகவேண்டியவன் இல்ல. கட்டினவன் கையாலயே செத்திருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒர்மோன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். மிர்பெக்குக்கு மட்டும்தான் தெரியாது.

அன்று பாதையில் கல் சரிந்து நகர வேன் வரவில்லை. ஆம்புலன்ஸ் நுழைகிற அளவுக்கு வழி இருந்தது. மிர்பெக்கைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரச் சொன்னார் தலைவர். நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. வண்டியில் அரிவாள் எப்போதும் கிடக்கும். டீ இடைவேளையில் அதைத் தீட்டியது உண்மைதான்.

பாதி ஏற்றத்தில் சொன்னேன். "அந்தக் கட்டைப் போட்டது நான்தான். செத்தது என் மகன்."

 அவன் என் தோளில் கை வைத்தான். "மன்னிச்சிருங்க பெரியவரே. தெரியாம எல்லார் முன்னாடியும் பேசிட்டேன்."

"அப்ப நீ சொன்னது தப்புதானே?"

"சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்ல. காலு போயிருக்கலாம். பையன் இருந்திருப்பான்."

பையிலிருந்து புது மாதிரிக் கட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான். "இனிமே இதை வெச்சுக்கோங்க" என்றான்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். டயர் ஸ்பேனரால் முட்டியில் ஒரு அடி. கீழே இழுத்துப் போட்டு, தலாய்க்கு எங்கே கிழிந்ததோ அங்கேயே அரிவாளால் கிழித்தேன். அளவு கூடாமல், குறையாமல். அவன் அலறியதில் எதிர்ச்சரிவில் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின. ஸ்ட்ரெச்சரில் கைகளைக் கட்டினேன். தொடையில் அதே வாரைப் போட்டு இறுக்கினேன். அவன் சொல்லிக்கொடுத்தபடியே நெற்றியில் நேரம் எழுதினேன்: பதினொன்று நாற்பது. வகுப்பில் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கொல்ல நினைத்திருந்தால் கட்டியிருக்கவே மாட்டேன். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். ஒருவனை நான் சொல்கிற முறையில் உயிரோடு கொண்டுபோய் இறக்கினால் அந்தச் சிவப்புப் புள்ளிகளை அழித்துத்தான் ஆகவேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

உப்புக் கிடங்கில் அவிழ்த்தேன். தாங்கினான். தேன் விற்கிற இடத்தில் அவிழ்த்தபோது முகம் சுண்ணாம்பாகிவிட்டது. வண்டித் தரையில் ரத்தம் என் பூட்ஸ் அடிவிளிம்பு வரை நின்றது. பாலம் வந்தபோது அவிழ்க்க வேண்டிய வேலை இல்லை. தலாய் பாலம் தாண்டியும் மூச்சு விட்டான். இவன் நகரத்து உடம்பு. அதற்குக் கட்டினவன் என்ன செய்வான்?

வழியில் என்ன பேசினான் என்று கேட்கிறீர்கள். ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். "அவிழ்க்காதீங்க பெரியவரே. காலு போனாப் போகட்டும்." காலில்லாமல் குதிரை ஏறுவது எப்படி என்று கேட்டேன். "எனக்குக் குதிரையே ஏறத் தெரியாது" என்று அழுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை, அதிகாரி.  காதுக்குப் பழகிய பேச்சுதான். போன வருடம் அதே ஸ்ட்ரெச்சரில், அந்த மூன்று இடத்திலும், "அவிழ்க்காதே அத்தா" என்று தலாயும் சொன்னான்.