உள்ளே கூப்பிட்டார்கள்

“உள்ள கூப்பிட்டாங்க பாரு, அங்கதான் எல்லாம் கெட்டுப்போச்சு.”

ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். மடியில் குறுக்காக, சுருட்டிய துணிப் பதாகை. பல நாட்டு ரப்பர் முதலாளிகள் கூடிய ஹோட்டலின் வாசலில் காலையிலிருந்து கோஷம் போட்டுவிட்டுத் திரும்புகிறார்களாம். தூங்கலாம் என்றுதான் ஏறினேன், விட்டால்தானே.

இளையவள் கேட்டாள். “ஒன்னைத்தானே அக்கா பேச வரச் சொன்னாங்க? என்ன ஆச்சு?”

“ஒரு வெள்ளைக்காரத் துரை எந்திரிச்சு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாரு. கையும் ஓடல, காலும் ஓடல லா.”

“உக்காந்தியா?”

“எங்க உக்கார்றது? காலையில பிரட்டுக்களத்துல ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டா நிப்போமே, அப்படி நின்னேன். தோட்டத்துல எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. பக்கத்துல ஒருத்தர் தமிழ்ல சொன்னாரு.”

“நீ?”

“தலைத்துண்டை எடுத்துட்டு, நல்லா இருக்கோம் துரைன்னேன்.”

“ஐயோ அக்கா! தோட்டத்த விக்கப் போறாங்க, வீடு போகப்போகுதுன்னு சொல்லலையா?”

“வாசல்ல கத்துறப்ப அவ்வளவும் வாயில இருந்துச்சு. உள்ள போனதும் எங்க போச்சுன்னே புரியல.”

பஸ் தாப்பாவில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

“அதுக்குத் துரை என்ன சொன்னாரு?”

“ரொம்ப சந்தோஷம்னு சொல்லி, எழுதிக்கிட்டாரு.”