கையிருப்பு முப்பது விநாடி

எங்கள் துணிக்கடையில் அப்பா எதற்கும் இரட்டை விலைதான் சொல்வார், ஐயா. பேரம் பேசிப் பாதிக்கு வாங்கிப் போகிறவர் முகத்தில் அப்படியொரு கல்யாணக் களை வரும். ஏமாற்று என்பீர்கள். சந்தோஷ வியாபாரம் என்பேன் நான்.

அந்தப் புத்தியோடுதான் ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளை எழுதினேன். அழைப்பு வந்ததும் பக்கத்திலுள்ள வண்டியைத் தேடி ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்து வேலை. நடுவில் தொண்ணூறு விநாடி ‘சும்மா இரு’ என்று எழுதிவைத்தேன். மேலதிகாரி “கொஞ்சம் வேகமாக்குப்பா” என்று கெஞ்சும்போது, நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வதுபோல் நடித்துப் பத்து விநாடியை எடுப்பேன். கேக், கைதட்டல், பதவி உயர்வு.

நிரலின் எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் கருவியையும் நானே ஓட்டிக் காட்டுவேன். வேடிக்கையே அதில்தான். நான் வைத்திருந்தபடி அது உழைப்பவனை மட்டும் எண்ணும், தூங்குபவனைக் கண்டுகொள்ளாது, எங்கள் அலுவலகத்தைப் போலவே. சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடியிருக்கிறேன்.

மனைவியின் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். ஒருநாள் சாப்பாட்டில் கைவைத்தபடி சொன்னான்: “மச்சான், உங்க மெஷின் கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள ஆள் போயிடுது. இன்னைக்கு ஒரு சின்னப் பிள்ளை. தொண்டையில பட்டாணி. ஒரு நிமிஷம் முன்னாடி போயிருந்தா...”

அப்படியே எழுந்துபோனான். அப்போது என் கையில் எழுபது விநாடி இருந்தது. மனசு கேட்கவில்லை, ஐயா. மறுநாளே, யாரும் கேட்காமலே, இருபதை எடுத்தேன். அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் நான்தான்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண், தூக்கத்தையும் எண்ணும்படி கருவியைத் திருப்பிவிட்டாள். “சார், இது வேலையே செய்யல, தூங்குது. யார் சார் தாலாட்டுறது?” என்றாள். கெட்டிக்காரி. ஆனால் அலுவலகக் கணினியில் அவள் பிடித்தது இருபதுதான். எந்த வியாபாரியாவது சரக்கு முழுவதையும் ஒரே அறையில் அடுக்குவானா? மிச்சம் முப்பது, ஓட்டுநர்களின் போனிலுள்ள எங்கள் செயலிக்குள் பத்திரமாக இருக்கிறது. எந்த வரி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் யாரையும் கொல்லவில்லை, ஐயா. உங்கள் விசாரணை அறிக்கையில் அப்படி எழுதிவிடாதீர்கள். வருடா வருடம் வேகத்தைக் கொடுத்தவன். அந்த முப்பதையும் தருகிறேன். நீங்கள் ஒரு விலை சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

அவசரமில்லை. யோசித்தே சொல்லுங்கள்.